கழித்தல் நாலு வோல்ட்

கல்முனை பஸ் நிலையத்திலிருந்து சாய்ந்தமருதுக்கு வரும் வழியில் ஏழெட்டு இடங்களில் அவருடைய முகம் தொங்கும். கைகளைக் கட்டிக்கொண்டு, தாடியை ஒதுக்கி, முதுகுக்குப் பின்னால் மின்னல் வெட்ட நிற்பார். கீழே சிவப்பு எழுத்தில் ‘பௌதிகவியலின் புயல் றிஷாட் சேர்’. கடல் ஊருக்குள் வந்து போனதைப் பார்த்த சனங்களுக்கு நடுவில் ஒரு மனிதர் தன்னைத்தானே புயல் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு தடித்த தோல் வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் புயலைத்தான் எனக்கு மாப்பிள்ளையாகப் பேசி முடித்திருந்தார்கள்.

நான் ஸப்னா. பெண்கள் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வயது இருபத்தொன்பது; எங்கள் ஊர்க் கணக்கில் அது நாற்பது. பாடசாலையில் நான் படிப்பிப்பதைப் பிள்ளைகள் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பின்னேரம் அதே பாடத்தை றிஷாட் சேரிடம் காசு கொடுத்துப் படிக்கப் போவார்கள். இலவசமாகக் கிடைப்பது சரியாக இருக்காது என்று இந்த ஊரில் எவரோ முடிவு கட்டிவிட்டார்கள். அவர் படிப்பித்ததும் நான் படிப்பித்ததும் வேறாக இருந்தால், பெற்றோர் என்னிடம் வந்து, “ரீச்சர், நீங்க ஒருக்கா சேர்ட நோட்ஸைப் பாருங்களேன்” என்பார்கள். அவர்களை என்ன சொல்வது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விளம்பரப் பலகையைப் பார்த்துத்தான் வைத்தியரைத் தேடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பா றஸாக் கடற்கரையில் ஐஸ் வாடி வைத்திருக்கிறார். மீன் வள்ளங்களுக்கு ஐஸ் கொடுத்துக் கொடுத்தே எனக்குக் கீழ்வீட்டையும், தங்கை பஸ்மினாவுக்கு மேல்மாடியையும் கட்டினார். பேச்சு முடிந்த கிழமையே றிஷாட் ஒரு ஆளோடு வந்து என் வீட்டு முன்மண்டபத்தை நாடா பிடித்து அளந்தார். அலமாரி வைக்கத்தான் அளக்கிறார் என்று உம்மா பூரித்துப்போனார். இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைப்பலகை வந்து இறங்கி, மண்டபச் சுவரில் ஆணியடித்துப் பூட்டப்பட்டது. நிக்காஹ்வுக்கு முன்னரே பலகை வீடு குடிபுகுந்துவிட்டது. தூசி படக் கூடாதென்று உம்மா அதற்கு ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போர்த்தி வைத்தார்.

ஆனாலும் நான் சம்மதம் சொன்னவள்தான். குரல் நல்ல குரல். சிரிக்க வைக்கத் தெரியும். நாற்பது வயதுக் குமருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள், நானும் கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் பஸ்மினாவின் டியூட்டில் ஆரம்பித்தது. டியூட் என்றால் டியூசனில் அச்சடித்துக் கொடுக்கும் பாடக் குறிப்பு. அவள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். வீட்டிலேயே ஒரு பௌதிகவியல் ரீச்சரை வைத்துக்கொண்டு றிஷாட் சேரிடம் போகிறவள். அவளுடைய மேசையில் திறந்து கிடந்த பக்கத்தில் ஒரு திரான்சிஸ்டர் சுற்று இருந்தது. சும்மா கண்ணை ஓட்டினேன். ஓட்டிய கண் அங்கேயே நின்றுவிட்டது.

இலேசான சுற்று. ஆறு வோல்ட் பெட்டரி. திரான்சிஸ்டரின் அடிக்கு ஒரு பெரிய தடையி, சேகரிப்பானுக்கு ஆயிரம் ஓம் தடையி, மூன்றாவது காலான ‘காலி’ நேரே நிலத்துக்கு. அடிக்குள் போகும் ஓட்டம் பூச்சியம் தசம் ஒன்று மில்லி அம்பியர். ஓட்ட நயம் நூறு. ஆகவே சேகரிப்பான் ஓட்டம் அதைப்போல நூறு மடங்கு, பத்து மில்லி அம்பியர் என்று றிஷாட் எழுதியிருந்தார். பத்து மில்லி அம்பியர் ஆயிரம் ஓமுக்குள்ளால் போனால் அங்கே மட்டும் பத்து வோல்ட் விழ வேண்டும். பெட்டரியோ ஆறு வோல்ட். ஆறிலிருந்து பத்தைக் கழித்தால் திரான்சிஸ்டருக்குக் குறுக்கே கழித்தல் நாலு வோல்ட். ஒரு மனிதருக்கு அந்த இடத்தில் முள்ளுக் குத்தியிருக்க வேண்டும். இவருக்குக் குத்தவில்லை. கடைசி வரியில் ‘விடை: 4 V’ என்று தடித்த எழுத்தில் போட்டுப் பெட்டியும் கட்டியிருந்தார்.

“இந்தக் கழித்தல் எங்க போன?” என்று பஸ்மினாவிடம் கேட்டேன்.

“கழித்தல் வந்தா அதைப் பெரிசா எடுக்கத் தேவல்லயாம் றாத்தா. பருமனை மட்டும் எழுதட்டாம். சேர்ட ஷோர்ட்கட் அது.”

“தாங்கியில ஆறு வாளித் தண்ணிதான் இரிக்கி. குழாயை எவ்வளவு துறந்தாலும் பத்து வாளி வருமா?”

“வராது.”

“அப்ப பத்து மில்லி அம்பியர் எங்கால வாற? ஆறுக்கு மேல போக ஏலாது. திரான்சிஸ்டர் நிரம்பிட்டு. அதுக்குப் பேருதான் நிரம்பல். நூறால பெருக்கிற கணக்கு இங்க செல்லாது. குறுக்கே கிட்டத்தட்டப் பூச்சியம் தசம் ரெண்டு வோல்ட்தான் இரிக்கும்.”

அவள் டியூட்டை என் கையிலிருந்து மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டாள். “றாத்தா, கோவிக்காதீங்க. நீங்க ரீச்சர். அவரு சேர்.”

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நாலு என்று எழுதிவிட்டு வருவார்கள். அந்த மனிதரைத்தான் நான் நாளைக்கு என் வீட்டுக்குள் எடுக்கப் போகிறேன். கழித்தலைக் கண்டால் துடைத்துவிட்டுப் போகிறவர் வீட்டுக்குள் எதையெல்லாம் துடைப்பார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து றிஷாட்டும் அவருடைய உம்மாவும் வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததைப் பார்க்க வந்தார்கள். நான் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களால் அதே சுற்றை ஒரு சின்னப் பலகையில் பூட்டி, வட்டிலப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மல்டிமீட்டரையும் வைத்தேன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“உங்கட டியூட்டில இரிக்கிற சுற்றுத்தான். நாலு வோல்ட் எண்டு போட்டிருந்தீங்க. இது எவ்வளவு காட்டுது எண்டு பாருங்க” என்றேன்.

மீட்டர் பூச்சியம் தசம் ஒன்று என்று காட்டியது. அவர் வட்டிலப்பத்தை விழுங்கியபடியே எட்டிப் பார்த்தார்.

“மீட்டர்ல பெட்டரி இறங்கியிருக்கும்” என்றார்.

“என்ட மகனுக்கு மீட்டர் என்னத்துக்கு? கண்ணால பார்த்தே சொல்லிருவாரு” என்று அவருடைய உம்மா சிரித்தார். என் உம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

நான் அதே மீட்டரை ஆறு வோல்ட் பெட்டரியில் வைத்தேன். ஆறு என்று காட்டியது. “இதைச் சரியாச் சொல்லுது. அதை மட்டும் பிழையாச் சொல்லுதா?”

“அப்ப திரான்சிஸ்டர் சைனாச் சாமானா இருக்கும்.”

பெட்டரியில்லை, மீட்டரில்லை, சீனாக்காரன். உலகத்தில் எல்லாருக்கும் பிழை வரலாம், அந்த ஒருவருக்கு மட்டும் வராது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டிலப்பத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட வேண்டும் போலிருந்தது.

பெரியவர்கள் மேல்மாடி டைல்ஸைப் பார்க்க ஏறினார்கள். பஸ்மினா காவலுக்கு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் றிஷாட் குரலைத் தாழ்த்தினார்.

“மாமிமாருக்கு முன்னால இப்பிடியா கேக்கிற? எனக்கு விளங்காதா?” என்றவர், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கடதாசிக் கைக்குட்டை ஒன்றை விரித்துச் சுற்றைக் கீறினார். அடி ஓட்டத்தை எடுத்தார். சேகரிப்பானுக்குப் போகக்கூடிய ஆகக் கூடிய ஓட்டம் ஆறு மில்லி அம்பியர்தான் என்று பக்கத்தில் எழுதினார். கேட்பது பத்து, இருப்பது ஆறு, ஆகவே நிரம்பல், ஆகவே பூச்சியம் தசம் இரண்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார். முத்து முத்தான எழுத்து. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்தது. இவரோடு ஒரு மேசையில் இருந்து கணக்குச் செய்யலாம் என்று மனது ஆசைப்பட்டது.

“அப்ப தெரிஞ்சிதான் இரிக்கா?”

“டியூட் அச்சுக்குப் போன பிறகுதான் கண்ட. அதுக்குள்ள சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் போய்ட்டு. இப்ப போய்ப் பிழை எண்டு சொன்னா பஸால் சும்மா இருப்பானா? பேஸ்புக்கில போட்டு என்னைக் கிழிச்சிருவான்.” பஸால் கல்முனையில் அவருக்குப் போட்டியாக வகுப்பு நடத்தும் இன்னொரு டியூசன்காரர்.

“கிளாஸ்ல புள்ளைகள் கேக்கல்லயா?”

“கேட்டாங்க. அதுக்குத்தான் அந்தப் பருமன் ஷோர்ட்கட்டைச் சொன்ன.”

“பரீட்சையில வந்தா?”

“ஒரு கேள்விதானே ஸப்னா. வந்தாத்தானே.”

படியில் இருந்த பஸ்மினாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

தெரியாமல் பிழை விட்டவர் என்று நினைத்து அவரை நான் ஏளனம் செய்துகொண்டிருந்திருக்கிறேன், அது வீண். தெரிந்துகொண்டு, பிள்ளைகள் கேட்டபோதும் பூசி மெழுகிவிட்டு, பரீட்சைக்கு அவர்களை அப்படியே அனுப்பப் போகிறவர்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“கடைசிக் கருத்தரங்கு இரிக்கிதானே. அதில மைக்கைப் பிடிச்சி, நான் தந்த விடை பிழை எண்டு நீங்களே சொல்லணும். சொன்னா நிக்காஹ். சொல்லாட்டி பலகையைக் கழட்டி அனுப்புவன்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். “ஒரு கழித்தலுக்காகவா?”

“ஓம்.”

“சரி. சொல்றன். இன்ஷா அல்லாஹ்.”

அன்றைக்கே வாப்பாவிடமும் உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உம்மா தலையில் அடித்துக்கொண்டார். “என்ட கிளி, பெட்டரிக்காக ஆராச்சும் கலியாணத்தை விடுவாங்களா? ஊர் என்ன கதைக்கும்?” ஊர் என்ன கதைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்த திமிர் என்று கதைக்கும், பிறகு பிள்ளையை அவரிடமே டியூசனுக்கு அனுப்பும். வாப்பா மட்டும், “அவரு சொல்லுவாரா மகள்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “சொன்னா நல்ல மனிசன்” என்றார். பஸ்மினாவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “சேர் சொல்லுவாரு. பாருங்க நீங்க” என்றாள்.

கருத்தரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில். நடுவில் நீளத்துக்குத் திரை. ஒரு பக்கம் பையன்கள், மறுபக்கம் பெண்கள். நான் பஸ்மினாவோடு பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். மேடையில் றிஷாட், பின்னால் அவருடைய மின்னல்.

இந்த டியூசன்களில் பெண்பிள்ளைகள் எழும்பி வாய்விட்டுக் கேள்வி கேட்பதில்லை. துண்டுக் கடதாசியில் எழுதி, சுற்றிவரும் பிளாஸ்டிக் கூடையில் போடுவார்கள். கூடை மேடைக்குப் போகும். துண்டைப் பிரிக்கும்போதே மைக்கில் உரத்து வாசிப்பது றிஷாட்டின் வித்தை. “நான் மற்ற ஆக்கள் மாதிரி முன்கூட்டிப் பார்த்து வெக்கிறதில்ல. எந்தக் கேள்வியும் வரட்டும்” என்பார். கைதட்டுவார்கள். மற்ற ஆக்கள் என்றால் பஸால்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தச் சுற்றைப் பலகையில் கீறினார். பஸ்மினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடதாசிக் கைக்குட்டையில் எழுதியதை அப்படியே எழுதினார்: கேட்பது பத்து, இருப்பது ஆறு, நிரம்பல், பூச்சியம் தசம் இரண்டு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நேரம் அவர் சொல்லிவிட வேண்டும் என்று துஆக் கேட்டேன்.

அவர் பேனையை மூடிவிட்டுச் சபையைப் பார்த்தார்.

“இதுக்கு நாலு வோல்ட் எண்டு எழுதுற புள்ளைகள் இருக்கிறீங்க. எனக்குத் தெரியும். சில ஸ்கூல்கள்ல ரீச்சர்மாருக்கு நிரம்பல் எண்டா என்னெண்டே தெரியா. அவங்க அப்பிடித்தான் படிச்சிக் குடுத்திரிக்காங்க. அதைத் துடைச்சிருங்க. சேர் சொல்ற விடையை எழுதுங்க.”

மண்டபம் முழுவதும் பேனைகள் ஓடின. என் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நிரம்பலை நான் அவர்களுக்கு இரண்டு பாடவேளை நின்று படிப்பித்திருந்தேன். நாலு என்ற விடை எங்கே அச்சடித்திருக்கிறது என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும், மடியிலேயே இருந்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். சரியான விடையை மைக்கில் சொல்லிவிட்டு, பிழையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.

பஸ்மினா என் கையை விட்டாள். அவள் டியூட்டின் பின்னட்டையில் ஒரு மூலையைக் கிழித்தாள். எழுதினாள். முன்வரிசைப் பிள்ளையிடம் காட்டினாள். அவள் இன்னொருத்தியிடம் காட்டினாள். கடதாசி கிழியும் சத்தம் எங்கள் பக்கத்தில் வரிசை வரிசையாகக் கேட்டது. கூடை வந்தது, நிரம்பியது, போனது. நான் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவும் இல்லை.

றிஷாட் சிரித்த முகத்தோடு முதல் துண்டைப் பிரித்தார். வழக்கம்போல உரத்து வாசித்தார்.

“சேர், நாலு வோல்ட் எண்டு இரிக்கிறது உங்கட டியூட்டில. நீங்க எந்த ஸ்கூல்...”

நிறுத்தினார். துண்டை மடித்தார். “எழுத்து விளங்குதில்ல. அடுத்தது.”

அடுத்ததைப் பிரித்தார். வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. “சேர், உங்கட டியூட்டில கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில...”

மூன்றாவதைப் பிரித்து, மைக்கை விலக்கி, தனக்குள் வாசித்தார். புயல் ஒரு கேள்வியை முன்கூட்டிப் பார்த்ததை அன்றைக்குத்தான் ஊர் கண்டது. நாலாவதையும் அப்படியே பார்த்தார். பிறகு கூடைக்குள் கையை விட்டு அளைந்தார், வேறு ஏதாவது கிடைக்குமா என்று. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் தன் டியூட்டைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். “அடேய், ஓம் மச்சான், இஞ்ச இரிக்கிடா!” என்று கத்தினான். பையன்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது.

றிஷாட் மைக்கை இரண்டு தரம் விரலால் தட்டினார்.

“மைக் வேலை செய்யுதில்ல” என்றார்.

அது மண்டபத்தின் நாலு மூலைக்கும் தெளிவாகக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, வீதியில் ஆட்டோவுக்குள் சாய்ந்திருந்த மனிதர்கூட நிமிர்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

பின்னேரம் அவர் தொலைபேசியில் வந்தார். “சரியான விடையைச் சொன்னேன்தானே? நீங்க கேட்டது அதுதானே?” என்றார்.

“விடையைச் சொன்னீங்க. ஆருட பிழை எண்டதை மாத்திட்டீங்க. இனி வராதீங்க” என்றேன். இன்னும் நிறையச் சொல்ல ஆத்திரமாக வந்தது. வைத்துவிட்டேன்.

உம்மா குசினிக்குள் அழுதுகொண்டிருந்தார். பஸ்மினா அவர் முதுகைத் தடவியபடி, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மைக்கைத் தட்டிய இடம் வந்ததும் உம்மாவின் அழுகை நின்றது. “மைக்கையா சொன்னாரு?” என்று கேட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பலகைக்குப் போர்த்தியிருந்த படுக்கை விரிப்பைத் தானே உருவி எடுத்தார்.

வாப்பா ஆணிகளைக் கழற்றினார். ஐஸ் லொறி வாசலில் நின்றது. பலகையை மீன் பெட்டிகளுக்கு மேலே ஏற்றியபோது சாரதி விலாசம் கேட்டார்.

“விலாசம் தேவல்ல. கல்முனைப் பக்கம் போங்க. முகம் தொங்கும்” என்றார் உம்மா.